நூறு பிள்ளைகளுக்கு ஐந்து கிலோ காய்... சத்துணவுத் தட்டு தேடும் உள்ளூர்த் தோட்டம்!

மாதத்தின் முதல் வாரமும் மூன்றாவது வாரமும் புதன்கிழமை வந்தால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் சத்துணவில் தக்காளி சாதம். கூடவே மிளகுத்தூள் போட்ட முட்டை. கன்னியாகுமரியில் இருக்கும் குழந்தைக்கும் கிருஷ்ணகிரியில் இருக்கும் குழந்தைக்கும் ஒரே பட்டியல்தான்.

2023 ஜூலையை நினைவிருக்கிறதா? தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போன மாதம். வீடுகளில் ரசத்துக்குப் புளி மட்டும் போதும் என்று முடிவெடுத்தார்கள். சென்னையில் ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிய நிலை வந்தது. அந்த மாதமும் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமை வந்தது. பட்டியலில் தக்காளி சாதம் இருந்தது.

அப்போது மத்திய அரசின் மதிய உணவுக் கணக்கில், தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கிய சமையல் செலவு 5 ரூபாய் 45 காசு. ஒரு குழந்தைக்கு 50 கிராம் காய்கறி தர வேண்டும் என்பதும் அதே திட்டத்தின் விதி. நூறு ரூபாய்த் தக்காளியில் 50 கிராம் என்றால் 5 ரூபாய். மீதி 45 காசில் பருப்பு, எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாம்! தமிழ்நாட்டில் பருப்பையும் எண்ணெயையும் மாநில அரசே தனியாக வாங்கித் தந்துவிடுவதால் நிலைமை அவ்வளவு மோசமாகிவிடவில்லை. ஆனாலும் சாதத்தின் சிவப்பு கொஞ்சம் வெளிறியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை.

இதே தக்காளிக்கு இன்னொரு முகமும் உண்டு. விளைச்சல் குவியும் மாதங்களில் பாலக்கோடு, ராயக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கம் போனால், பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்டப்பட்டிருக்கும். கொட்டிக் கிடக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். அங்கே சத்துணவுக் கூடமும் இருக்கும். ஆனால் அந்தத் தக்காளி அந்த அடுப்புக்குப் போய்ச் சேர, ஊர்ப் பழக்கத்தைத் தவிர எழுதிவைத்த வழி என்று எதுவும் இல்லை.

அந்த வழியைச் சட்டமாகவே எழுதிவைத்த நாடு ஒன்று இருக்கிறது. அதற்கு முன், நம் பிள்ளைகளின் தட்டில் இருப்பது எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பார்த்துவிடலாம்.

தட்டில் இருப்பது எந்த ஊர்?

அரிசி, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்து வருகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் விவசாயிகள் கொட்டும் நெல்லும் இந்தக் கிடங்குகளுக்குத்தான் வந்து சேர்கிறது. ஆகவே அரிசியைப் பொறுத்தவரை நம் விவசாயிக்கும் நம் பள்ளிக்கும் ஏற்கெனவே ஒரு பாலம் இருக்கிறது. சுற்றி வளைத்த பாலம்தான். திருவாரூர் நெல் ஆலைக்குப் போய், அரிசியாகி, மூட்டையாகி, பல மாதம் கழித்து எந்த மாவட்டத்துத் தட்டிலும் விழலாம்.

பருப்பு வேறு கதை. உலகத்திலேயே அதிகமாகப் பருப்பு விளைவிப்பதும் இந்தியாதான், அதிகமாகச் சாப்பிடுவதும் இந்தியாதான். அப்படியும் போதாமல் மியான்மரிலிருந்தும் மொசாம்பிக், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் துவரை வருகிறது. எண்ணெயிலும் அப்படியே. ரேஷன் கடைப் பாமாயிலுக்கான எண்ணெய், பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைவது. 'எங்கள் நிலக்கடலையும் தேங்காயும் விலையில்லாமல் கிடக்க, பாமாயில் எதற்கு? ரேஷனிலும் சத்துணவிலும் நம் எண்ணெயைக் கொடுங்கள்' என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முட்டைக்கு நாமக்கல். வாரம் ஐந்து நாளும் முட்டை என்பது 2010-லிருந்து நடக்கிறது. நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வாரத்துக்கு 500 முட்டை. கொல்லைப்புறத்தில் நான்கு கோழி வளர்ப்பவர்களை நம்பி இதை நடத்த முடியாது. பெரிய பண்ணைகளிடமிருந்து மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவதால்தான், மலைக்கிராமத்துப் பள்ளிக்கும் முட்டை தவறாமல் போகிறது. எல்லாமே உள்ளூரில்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

மிச்சம் இருப்பது காய்கறி. இதைத்தான் சத்துணவு அமைப்பாளர் கையில் காசு கொடுத்து, 'நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று அரசு விட்டுவைத்திருக்கிறது. அமைப்பாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கடைக்குப் போய், அன்றைய விலைக்குக் கிடைப்பதை வாங்கி, பையில் சுமந்து வருவது அவர்கள் வேலை. பணம் வரத் தாமதமானால் தெரிந்த கடையில் கடன். சிறப்புக் காலமுறை ஊதியத்தில் வேலை பார்ப்பவரிடம், 'அக்கம்பக்கத்து விவசாயிகளைத் தேடிப்பிடித்து வாங்குங்கள்' என்று இன்னொரு வேலையையும் கட்டிவிடுவது நியாயம் இல்லை. தோட்டம்தான் பள்ளியைத் தேடி வர வேண்டும்.

வீட்டுக்கு ஒரு பிடி அரிசி

ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது.

1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு மாணவருக்கு ஒரு நாள் செலவு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. தமிழ்நாட்டுப் பள்ளி உணவின் முதல் பக்கம் அது. அடுத்த பக்கம் 1956. முதலமைச்சர் காமராஜரும் கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவும் மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுபோகக் கிளம்பியபோது, அரசிடம் போதுமான பணம் இல்லை. ஊர் ஊராகக் குழு அமைத்தார்கள். அறுவடை முடிந்த வீடு நெல் கொடுத்தது. தோட்டம் வைத்திருந்தவர் காய் கொடுத்தார். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்துப் பள்ளிக்குக் கொடுத்த வீடுகள் உண்டு. ஊரில் விளைந்ததுதான் பள்ளியில் வெந்தது. அன்றைக்கு அதற்கு 'உள்ளூர்க் கொள்முதல்' என்றெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை.

நன்கொடையை நம்பிய திட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. மழை பொய்த்தால் பிடி அரிசியும் குறையும். ஏழை ஊரில்தான் பசித்த பிள்ளைகள் அதிகம், அந்த ஊரில்தான் கொடுக்கிற கை குறைவு. 1961-ல் அமெரிக்காவின் கேர் அமைப்பு உதவிக்கு வந்தது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய் எல்லாம் கப்பலில் இறங்கின. வீட்டில் அறுபதைத் தாண்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனையைச் சரியாகச் சொல்வார்கள். சிலர் ஆசையாகச் சொல்வார்கள், சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்கள்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பிறகு, அது அரசின் முழுப் பொறுப்பானது. யார் கொடுப்பார்கள் என்று காத்திருக்கும் நிலை போனது. வருடம் முழுக்க, மாநிலம் முழுக்க, எந்த ஊரானாலும் சோறு உறுதி. அது மிகப்பெரிய மாற்றம், இந்தியா முழுவதும் பின்னாளில் பின்பற்றிய மாற்றம். ஆனால் பொறுப்பு கிடங்குக்கும் லாரிக்கும் போனபோது, பள்ளிக்கும் பக்கத்து வயலுக்கும் இருந்த தொடர்பு மெல்ல அறுந்தது. அன்றைக்கு அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரிந்திருக்காது. பசிதானே முதல் பிரச்னை!

பிரேசில் போட்ட சட்டம்

இப்போது பிரேசிலுக்குப் போவோம். கால்பந்தும் காபியும்தான் நமக்குத் தெரிந்த பிரேசில். அங்கேயும் பள்ளி உணவுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1955-ல் தொடங்கியது, அதாவது நம் காமராஜர் திட்டத்துக்கு ஒரு வருடம் முன்பு. இன்று அங்கே அரசுப் பள்ளிகளில் படிக்கும் சுமார் 4 கோடி மாணவர்கள் பள்ளியில் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள்.

2009 ஜூனில் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. பள்ளி உணவுக்காக மத்திய அரசு அனுப்பும் பணத்தில் குறைந்தது 30 சதவிகிதத்தை, சிறு விவசாயக் குடும்பங்களிடமிருந்து நேரடியாக உணவுப்பொருள் வாங்கத்தான் செலவழிக்க வேண்டும் என்றது அது. 'முடிந்தால் வாங்குங்கள்' என்று விட்டுவிடவில்லை. நிலச்சீர்திருத்தத்தில் நிலம் பெற்றவர்கள், பழங்குடியினர், அடிமைத்தளையிலிருந்து தப்பித்தவர்களின் வழிவந்த கிலோம்போலா சமூகத்தினர் ஆகியோருக்கு முன்னுரிமை.

சட்டத்தில் இருக்கும் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் விஷயமே. முதலாவது, டெண்டர் கிடையாது. டெண்டர் என்றால் வைப்புத்தொகை, பெரிய அளவு, குறைந்த விலைப் போட்டி என்று சிறு விவசாயி வாசலிலேயே நின்றுவிடுவார். அதற்குப் பதிலாக நகராட்சி ஒரு பொது அழைப்பு விடுகிறது. 'எங்கள் பள்ளிகளுக்கு இத்தனை கிலோ கீரை, இத்தனை கிலோ வாழைப்பழம், இந்த மாதங்களில் வேண்டும்' என்று அறிவிப்பு வரும். விலையையும் அதிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த விலையை எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? உள்ளூரில் குறைந்தது மூன்று சந்தைகளின் விலையைப் பார்த்துச் சராசரி எடுக்கிறார்கள். அதிலும் விவசாயிகளே நேரடியாக விற்கும் சந்தைக்கு முன்னுரிமை. இயற்கை விவசாயத்தில் விளைந்தது என்றால் 30 சதவிகிதம் வரை கூடுதலாகக் கொடுக்கலாம்.

எவ்வளவுக்கு விற்கிறோம் என்று விதைப்பதற்கு முன்பே விவசாயிக்குத் தெரிகிறது. கத்தரிக்காய் மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு, தரகர் எவ்வளவு சொல்வாரோ என்று காத்துநின்ற அனுபவம் உள்ள எந்தக் குடும்பத்துக்கும் இதன் அருமை விளக்காமலே புரியும்.

இரண்டாவது ஏற்பாடு, ஒரு குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்ற உச்சவரம்பு. இப்போது அது 40 ஆயிரம் ரியல். யாரோ ஒரு பெரிய விவசாயி மொத்த ஆர்டரையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க இந்தப் பூட்டு.

மூன்றாவதுதான் நம் ஊருக்கு ரொம்பவும் யோசிக்க வேண்டியது. உணவுப் பட்டியலை அங்கே அந்தந்தப் பகுதிக்கான ஊட்டச்சத்து நிபுணர் தயாரிக்கிறார். அந்தப் பகுதியில் என்ன விளைகிறது, எந்த மாதத்தில் விளைகிறது, மக்கள் என்ன சாப்பிட்டுப் பழகியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத் தயாரிக்க வேண்டும் என்பது விதி. பட்டியலை எழுதிவிட்டுக் காய் தேடுவதில்லை. காயைப் பார்த்துவிட்டுப் பட்டியல் எழுதுகிறார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் இடம்பெறும் குழு ஒன்று கணக்கையும் தரத்தையும் மேற்பார்வை பார்க்கிறது.

அங்கே தட்டில் சோறும் பீன்ஸும்தான் அடிப்படை. கூடவே அந்தந்த ஊர்க் கீரை, பழம், மரவள்ளிக்கிழங்கு. ஆமாம், நம்ம மரவள்ளிதான்! அதன் பூர்வீகமே தென் அமெரிக்கா. அங்கே அது பள்ளிப் பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது. நம் சேலம், நாமக்கல் பக்கம் விளையும் மரவள்ளியில் பெரும்பங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. ஆலை விலை இறங்கினால் விவசாயி பாடு திண்டாட்டம்.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். எல்லா நகராட்சிகளும் 30 சதவிகிதத்தை எட்டிவிடவில்லை. ஒழுங்காகச் சப்ளை செய்ய ஆள் இல்லை, ரசீது தர வழி இல்லை, சுகாதாரத் தரம் இல்லை என்று காரணம் காட்டி விலகிக்கொள்ளவும் இடம் இருந்தது. தொலைவில் இருக்கும் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிச் செலவு பெரிய தலைவலி. சங்கமாகச் சேர்ந்த விவசாயிகளால் சமாளிக்க முடிந்தது. தனியாக நின்றவர்கள் திணறினார்கள்.

ஆனாலும் பின்வாங்கவில்லை. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, ஒரு குடும்பத்திடம் வாங்கினால் அதில் குறைந்தது பாதி அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள். 2025-ல் மறுபடியும் திருத்தி, 30 என்பதை 45 சதவிகிதமாக உயர்த்தினார்கள். 2026 ஜனவரியிலிருந்து அது நடைமுறை.

இங்கே கதவு திறந்துதான் இருக்கிறது

இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் 2021-ல் மதிய உணவுத் திட்டத்துக்கு 'பி.எம். போஷன்' என்று புதுப்பெயர் வைத்தபோது, உள்ளூரில் விளையும் பாரம்பரிய உணவுகளைப் பயன்படுத்துங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களையும் மகளிர் சுய உதவிக் குழுக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டது. ஊக்குவிப்புதான், கட்டாயம் இல்லை. எத்தனை சதவிகிதம் என்று எண் போடாத எந்த ஊக்குவிப்புக்கும் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் விதிகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு மாணவருக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை அல்லது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூரில் கிடைக்கும் காய்கறி என்றுதான் அதில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியத்தில் சிற்றுண்டி செய்ய முயல வேண்டும் என்றும் இருக்கிறது. கிராமங்களில் இதைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அந்தப் பள்ளியிலேயே தன் பிள்ளை படிக்கும் தாயாக இருக்க வேண்டும் என்பது தேர்வு விதி. அதாவது, கிராமங்களில் அடுப்படியில் நிற்பவரின் வீட்டிலேயே வயலோ தோட்டமோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கரண்டி பிடித்திருக்கும் கையும் களை எடுத்த கையும் ஒன்றாகவே இருக்கலாம். நடுவில் இருப்பது மளிகைக் கடையும் மண்டியும்தான்.

சிறுதானியத்துக்கு ஒரு முன்மாதிரியும் இங்கேயே இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடமிருந்து அரசே நேரடியாகக் கேழ்வரகு கொள்முதல் செய்து, 2023-ல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அட்டைக்கு 2 கிலோ கொடுக்கத் தொடங்கியது. நெல்லுக்கு மட்டும்தான் கொள்முதல் நிலையம் என்ற பழக்கம் உடைந்தது. ரேஷன் கடை வரை நடந்து வந்த கேழ்வரகுக்கு, பக்கத்திலிருக்கும் பள்ளிச் சமையலறை ஒன்றும் தூரமில்லை.

கால் ஏக்கர் கணக்கு

இனி ஒரு சின்னக் கணக்கு. செல்போனிலேயே கால்குலேட்டரைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

தொடக்கப்பள்ளியில் நூறு பிள்ளைகள். ஆளுக்கு 50 கிராம் காய்கறி. ஒரு நாளைக்கு 5 கிலோ. ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்றால் 1,000 கிலோ, சரியாக ஒரு டன். கத்தரி நன்றாக விளைந்தால் ஏக்கருக்குப் பத்து டன் எடுக்கலாம். வெறும் கணக்குப்படி பார்த்தால் பத்து சென்ட் நிலம் போதும். தினமும் கத்தரிக்காய் போட்டால் பிள்ளைகள் சத்துணவுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்பதால், வெண்டை, அவரை, பூசணி, கீரை, தக்காளி என்று மாற்றி மாற்றிப் பயிரிட, பூச்சிக்கும் மழைக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க, கால் ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பள்ளிக்கு கால் ஏக்கர். இந்த அளவு மண்டி வியாபாரிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஐந்து கிலோவுக்காக எந்த லாரியும் கிளம்பாது. ஆனால் அந்த ஊரில் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, வாரத்தில் ஐந்து நாளும் நிச்சயமாக ஒரு வாடிக்கை. சைக்கிளில் வைத்தே கொண்டுவந்து போட்டுவிடலாம். இதையே மாநில அளவில் பாருங்கள். சத்துணவு மையங்கள் சுமார் 43 ஆயிரம். ஒவ்வொன்றிலும் நூறு பேர் சாப்பிடுகிறார்கள் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 215 டன் காய். நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு 75 கிராம் என்பதால் உண்மையில் அதைவிடக் கூடும். இத்தனை பெரிய வாடிக்கையாளர் ஊர் ஊருக்கு இருந்தும், அவர் அருகில் இருக்கும் தோட்டத்துக்கு அறிமுகமே ஆகவில்லை.

விலை? அதற்கும் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்ததிலிருந்து, ஒவ்வொரு நாளும் காலையில் ஒவ்வொரு காய்க்கும் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதிப்போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தரகு கிடையாது, விற்பவர் விவசாயிதான் என்பதற்கு அடையாள அட்டை. பிரேசில் சராசரி எடுத்துக் கண்டுபிடிக்கும் நியாயமான விலை, இங்கே பலகையில் சாக்பீஸால் எழுதியே இருக்கிறது. பள்ளிக்கு அந்த விலை என்று முடிவு செய்துவிட்டால் பேரம் பேசும் வேலையும் மிச்சம்.

ஆனால் விலைப் பலகை தினம் மாறும், அமைப்பாளர் கையில் இருக்கும் தொகை மாறாது. முடிச்சு அங்கேதான். 2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் கணக்கில் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு 6 ரூபாய் 78 காசு, நடுநிலை வகுப்புக்கு 10 ரூபாய் 17 காசு. அடுத்த முறை உயர்த்தும்வரை தக்காளி இருபதுக்கு விற்றாலும் நூற்றிருபதுக்கு விற்றாலும் இதே பணம். விதைக்கும்போதே 'கிலோவுக்கு இவ்வளவு' என்று பேசிவைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும். விலை பாதாளத்துக்குப் போகும் மாதத்தில் விவசாயி காப்பாற்றப்படுவார், விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் மாதத்தில் பள்ளி காப்பாற்றப்படும். நூறு ரூபாய் விற்கும்போது பேசிய விலைக்குக் கொடுக்க விவசாயிக்கு மனசு வருமா என்று கேட்கலாம். சந்தேகம்தான். பிரேசிலில் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே தன் பிள்ளையும் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது என்ற ஒரு பிணைப்பு இருக்கிறது. ஒப்பந்தமும் இருந்தால் இன்னும் நல்லது.

இதைவிடக் கஷ்டமான விஷயம், பணம் கையில் கிடைக்கும் நாள். கடைக்காரர் ஒரு மாதம் கடன் தாங்குவார். கூலிக்கு ஆள் வைத்துப் பறிக்கும் தோட்டக்காரர் ஒரு வாரம்தான் தாங்குவார். பணம் இரண்டு மாதம் இழுத்தால், மூன்றாவது மாதம் கத்தரிக்காய் மறுபடி மண்டிக்கே போய்விடும். சட்டம் போடுவதைவிட, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கணக்கில் பணம் விழச்செய்வதுதான் இந்தத் திட்டத்தை நிற்கவைக்கும்.

கூடவே பட்டியலையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மாநிலம் முழுக்க ஒரே நாளில் உருளைக்கிழங்கு வறுவல் என்றால், ராமநாதபுரத்துப் பள்ளிக்கு உருளை நீலகிரியிலிருந்தோ வட இந்தியாவிலிருந்தோதான் வர வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக்குப் 'பருவத்தில் கிடைக்கும் உள்ளூர்க் காய்ப் பொரியல்' என்று மட்டும் எழுதினால் போதும். ஒரு வரி மாற்றம். பிள்ளைகளுக்கு உருளை வறுவல்தான் பிடிக்கும் என்பதும் உண்மை. அதை முழுவதும் எடுத்துவிட்டால் அவர்கள் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. மாதம் ஒரு முறை இருந்துவிட்டுப் போகட்டும்!

பள்ளி ஜூனில் திறக்கிறது. ஜூலை பாதியில் ஆடி பிறக்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்த வெண்டை புரட்டாசியில் பறிப்புக்கு வரும், காலாண்டுத் தேர்வுச் சமயம். கத்தரி ஐப்பசியில். அவரை, பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வரும்போது பந்தலில் தொங்கும். பள்ளிக்கூடக் காலண்டரும் உழவர் காலண்டரும் ஏறக்குறைய ஒரே தாளில் அச்சடித்ததுபோலத்தான் இருக்கின்றன. முருங்கை மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். சித்திரையில் காய்த்துத் தள்ளும்போது பள்ளிக்கு முழு ஆண்டு விடுமுறை. ஆனால் ஜூனில் கேட் திறக்கும்போது, சத்துணவுக் கூடத்தின் பின்பக்கம் அதன் கீரை கைக்கெட்டும் உயரத்தில் தளிர்த்திருக்கும். அதற்கு டெண்டரும் வேண்டாம், லாரியும் வேண்டாம்.